வெட்டுப்பட்ட வரி

மழைக்காலம் வந்தால் அட்டைக்குப் புத்தி கெட்டுவிடும் என்று பெட்டி ஆலையில் சொல்வார்கள். வெயில் நாளில் பலகைபோல விறைத்து நிற்கும் அட்டைத் தாள், விடாமல் தூறல் விழுந்தால் ஈரத்தைக் குடித்து ஓரமெல்லாம் சுருண்டுகொள்ளும். சுருண்ட தாள் வெட்டும் பிரஸ்ஸுக்குள் நேராகப் போகாது. பாதி வழியில் மூக்கை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி வரும். அந்த வரியை அங்கே யாரும் படித்ததில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. சிவப்பு எரிந்தால் கத்தியை இயக்கும் காற்றுக் குழாயைக் கழற்று, சீறல் அடங்கும்வரை காத்திரு, அப்புறம் நீளக் கொக்கியால் தாளை இழு. அவ்வளவுதான் பாடம். அதைப் படிக்கக் கண் தேவையில்லை, காது போதும்.

அவள் அந்த ஆலையில் சம்பளத்துக்கு இருந்தவள் இல்லை. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. ஆலையில் எந்தக் கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்தினாலும் அவளுக்குத்தான் போன் வரும். பையில் திருப்புளியும் நாலைந்து பென் டிரைவும் போட்டுக்கொண்டு வருவாள். எல்லோருக்கும் அவள் சிஸ்டம் அக்கா. அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட, "சிஸ்டம் அக்கா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று கேட்டைத் திறப்பார். அவள் புருஷன் அதே ஆலையில் மூன்றாவது பிரஸ்ஸை ஓட்டினான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் கை அந்த மிஷினில்தான்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர்களுக்குப் பயந்து, அந்தப் பயத்தைக் கீழே இருப்பவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற ஆள்.

"உக்காரும்மா. மூணு பிரஸ் கம்ப்யூட்டரும் மாத்தணும். பழைய சிஸ்டத்தைத் தூக்கிட்டுப் புதுசு போடணும். திரையில வர்றதெல்லாம் வேற பாஷையில வரணும்" என்று ஒரு மொழியின் பேரைச் சொன்னார்.

"அந்த பாஷை இங்க யாருக்கு சார் தெரியும்?"

"வரப்போறவங்களுக்குத் தெரியும். ஆளுங்க வர்றாங்க, வெளிநாட்டுலருந்து. நம்மகிட்ட பெட்டி வாங்குற கம்பெனிக்காரன் கண்டிஷன் போட்டுட்டான். மிஷினை ஓட்டுறவனுக்குத் தெரிஞ்ச பாஷையில மிஷின் பேசணுமாம்."

"இத்தனை வருஷம் நம்ம ஆளுங்க ஓட்டினப்ப இந்த அக்கறை எங்க சார் போச்சு?"

"அப்ப யாரும் கேக்கல. இப்ப கேக்குறான். செய்யறதுன்னா சொல்லு. இல்லன்னா டவுன்ல ஒரு கம்பெனி இருக்கு."

அவள் செய்கிறேன் என்றாள். வேறென்ன சொல்வது.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். சமையலறையும் சாப்பிடுகிற இடமும் ஒன்றுதான். நடுவில் ஒரு மேஜை, அதன் ஒரு கால் குட்டை, அதற்கடியில் மடித்த அட்டை. உள்ளறையில் மகள் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"அப்ப நெஜந்தான். லோடு ஏத்துற பயலுக பேசிக்கிட்டாங்க, நான்தான் நம்பல. அவங்க வந்ததும் எங்களை என்ன பண்ணப் போறாராம்?"

"அதை நான் கேக்கலைங்க."

"கேட்டிருக்கலாமே. உனக்கென்ன, வேலை கிடைச்சிருச்சு."

"இது என்ன பேச்சு? நான் போடலன்னா இன்னொருத்தன் வந்து போடுவான். எழுத்து வர்றதாலயா ஆளு வர்றாங்க? ஆளு வர்றதாலதான் எழுத்து வருது."

"ரெண்டும் ஒண்ணுதான். போன வாரம் எனக்கு உத்தரவு வந்துச்சு, யாருக்குன்னு சொல்லல, இப்பத்தான் புரியுது. வர்றவனுக்குத் தொழில் சொல்லிக் குடுக்கணுமாம். சொல்லிக் குடுத்து முடிச்சா என்னை கோடவுனுக்கு அனுப்புவாங்க. கோடவுனுக்குப் போனவன் எவனாவது திரும்பி வந்திருக்கானா? புருஷன் ஆளைத் தயார் பண்றான், பொண்டாட்டி மிஷினைத் தயார் பண்றா. நல்ல குடும்பம்."

அவள் முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கோபமாக இருந்தது.

முதல் இரண்டு பிரஸ்ஸின் கம்ப்யூட்டர்களும் அடங்கிப்போயின. புது சிஸ்டம் ஏறியது, புது மொழி ஏறியது, எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. மூன்றாவதுதான் முரண்டு பிடித்தது. அது ஆலை தொடங்கிய காலத்துப் பெட்டி. மூடியைத் திறந்தால் அட்டைத் தூசி பஞ்சுபோல அடைந்து கிடந்தது. மிஷினோடு பேசுவதற்கு அதற்குள்ளே ஒரு கார்டு இருந்தது. அந்தக் கார்டைப் புது சிஸ்டம் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. புதுசைப் போட்டால் மிஷின் ஊமை, பழசை வைத்தால் மொழி கிடையாது.

"வேற பெட்டிதான் வாங்கணும் சார்."

"மிஷினோட சேர்ந்து வந்தது அது. அதுக்கு வேற பெட்டி எங்க கிடைக்கும்? பழசுலயே எழுத்து மட்டும் வர வைக்க முடியாதா? நீதான் கெட்டிக்காரியாச்சே."

கெட்டிக்காரி என்றதும் அவளுக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது. பழைய சிஸ்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அந்த மொழியை மட்டும் உள்ளே நுழைக்க உட்கார்ந்தாள். முதலில் திரை முழுக்கக் காலிக் கட்டங்கள் வந்தன, ஜன்னல் ஜன்னலாக. ஃபாண்ட்டைப் போட்ட பிறகு எழுத்து வந்தது, ஆனால் கொம்பு ஒரு பக்கம், சுழி ஒரு பக்கமாகச் சிதறி நின்றது. கடையை மூடிப்போட்டுவிட்டு நாள்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டினாள். எங்கெங்கோ தேடி, எழுத்துகளை ஒட்டவைக்கிற ஒரு பழைய ஃபைலைக் கண்டுபிடித்து உள்ளே போட்டாள். அடுத்த முறை கம்ப்யூட்டரைத் திறந்தபோது எழுத்துகள் கைகோத்து வந்து நின்றன. படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. பக்கத்தில் நின்ற பசை மிஷின் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? அழகா இருக்குல்ல?"

மிஷின் ஓடும்போது வருகிற வரிகளையெல்லாம் லேப்டாப்பில் இருந்த மொழிபெயர்ப்போடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். தாள் சிக்கினால் வருகிற வரியை மட்டும் பார்க்க முடியவில்லை. அது சிக்கினால்தான் வரும்.

"ஒரு தடவை சிக்க வச்சுப் பாக்கணும் சார்."

"ஓடுற மிஷினை நிறுத்திச் சிக்க வைக்கச் சொல்றியா? நல்லா இருக்கே."

"அப்ப வர்றவங்கள்ல ஒருத்தரை ஒரு மத்தியானம் என்கூட உக்காரச் சொல்லுங்க. எல்லா வரியையும் படிச்சுச் சரி சொன்னா எனக்கு நிம்மதி."

"அவங்க வேலைக்கு வர்றாங்களா, வாசிக்க வர்றாங்களா? மொழிபெயர்ப்பு ஆபீஸ்லருந்து வாங்கினதுதானேம்மா அது? அவங்க தப்பா எழுதியிருப்பாங்களா?"

எழுதியது தப்பில்லைதான். அவள் அதோடு விட்டுவிட்டாள். இன்னொரு தரம் கேட்டிருந்தால் அவர் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொண்டிருப்பார் என்று பின்னால் பலதடவை நினைத்துக்கொண்டாள்.

வந்த ஆட்களில் மூன்றாவது பிரஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டவர் சின்ன வயசுக்காரர் இல்லை. காதோரம் நரைத்தவர், புருஷனைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பெண் பிள்ளைகளின் படம் வைத்திருந்தார். முதல் நாள் அவன் அவர் முகத்தைப் பார்க்காமலேதான் தொழில் சொல்லிக் கொடுத்தான். பாஷை கிடையாது, எல்லாம் கைஜாடை. இரண்டாம் நாள் அவன் எரிச்சலில், "அதை அங்க வைக்காத மச்சான்" என்று கத்த, அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பிறகு அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மச்சான்?" என்று கேட்டார். அது அவன் பெயர் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆலை முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

கோபமாக இருந்தாலும் அவன் தொழிலை மறைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. குழாயைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து, சீறல் அடங்குவதைக் கேட்கச் சொன்னான். கொக்கியை எடுத்துக் காட்டினான். தன் கையை உள்ளே விடுகிற மாதிரி நீட்டி, இன்னொரு கையால் அதை வெட்டுகிற மாதிரி காட்டி, தலையை ஆட்டினான். மச்சானும் தலையை ஆட்டினார். டீ நேரத்தில் தன் ரொட்டியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

"மோசமான ஆளு இல்ல" என்று வீட்டில் அவளிடம் சொன்னான். "கைவாகு இருக்கு. அவர் ஊர்ல மர மில்லுல இருந்திருப்பார்போல. அறுக்கிற மாதிரி செஞ்சு காட்டினார். அவரைத் திட்டவும் மனசு வரல. யாரைத்தான் திட்டறதுன்னு தெரியல."

ஒரு காலையில் அவள் இரண்டாவது பிரஸ் அருகே குனிந்து வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. மூன்றாவது பிரஸ் நின்று சிவப்பு எரிந்தது. புருஷன் அட்டைக் கட்டு எடுத்துவரப் போயிருந்தான். மச்சான் ஒழுங்காகக் குழாயைக் கழற்றி, காத்திருந்து, கொக்கியால் தாளை இழுத்துப் போட்டார். பிறகு திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். அவளைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

அவள் போனாள். அவர் அந்த வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் அதன் கடைசியில் இரண்டு தட்டுத் தட்டினார். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். உள்ளங்கையை விரித்து, புருவத்தைத் தூக்கினார்.

அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தன் பாஷை மிஷினில் வந்திருப்பதைப் பார்த்து மனுஷனுக்குச் சந்தோஷம், இதைச் செய்தது நீதானா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். எழுத்து சிதறாமல், கட்டம் கட்டமாக வராமல், முத்துப்போல நின்றது. இத்தனை பாடுபட்டதற்கு முதல்முறையாக ஒருவர் அதைப் படிக்கிறார். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆமா, ஆமா. சரிதான்" என்று தலையை ஆட்டினாள். கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

அவர் திரும்பவும் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு மிஷினை ஓட்டப் போய்விட்டார்.

அடுத்த வாரமே புருஷனை கோடவுனுக்கு மாற்றினார்கள். சொல்லிக் கொடுத்தது போதும் என்றார் மேனேஜர். பெரிய ஆர்டர் ஒன்று, மழையில் ஏற்கெனவே பிந்திப்போயிருந்தது. தாள் நிமிஷத்துக்கொரு தரம் சிக்கியது. ஒவ்வொரு தரமும் குழாயைக் கழற்றிக் காத்திருந்தால் வேலை எப்படி நகரும் என்று மேனேஜர் பிரஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் ஆபீஸ் அறையில் பிரின்டரைத் திறந்து வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். முதலில் ஒரு சத்தம் கேட்டது. மனுஷன் சத்தம் என்று உடனே தோன்றவில்லை. பிறகு மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஆலையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் ஓடிப்போனபோது மச்சானைத் தரையில் சாய்த்துவைத்திருந்தார்கள். கோடவுனிலிருந்து எப்படி அதற்குள் வந்தான் என்று தெரியவில்லை, புருஷன் தன் சட்டையைக் கழற்றி அவர் வலது கையைச் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தான். சட்டை நனைந்து சொட்டியது. மணிக்கட்டுக்குக் கீழே சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "கண்ணை மூடாத மச்சான், என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வேன் வந்தது. அவனும் ஏறிப் போனான்.

எல்லோரும் வாசல் பக்கம் போய்விட்டார்கள். திரையில் அந்த வரி அப்படியே நின்றது. அவளுக்கு என்ன தோன்றியதோ, லேப்டாப்பை எடுத்துவந்து அந்த வரியைத் தேடித் திறந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். எழுத்தெழுத்தாக ஒத்துக்கொண்டே போனாள். திரையில் வரி முடிந்த இடத்தில் லேப்டாப்பில் முடியவில்லை. அங்கே இன்னும் ஒரு சொல் இருந்தது.

ஆங்கில வரியின் நீளத்துக்கு அளந்து திரையில் ஒதுக்கிய இடம் அது. இந்த மொழியின் வரி அதைவிட நீளம். இடம் போதாமல் வாலை வெட்டிவிட்டிருந்தது. அந்தக் கடைசிச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்தாள். 'கூடாது' என்று வந்தது.

காற்று அடங்கவில்லை, உள்ளே கை விடக் கூடாது. அதில் 'கூடாது' போனால் மிச்சம் என்ன? அவள் மிஷினைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த இடம் ஈரமாக இருந்தது, கையை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா பாக்குற?"

மேனேஜர் பின்னால் நின்றார். அவள் காட்டினாள். அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தது. தாழ்ந்த குரலில் பேசினார்.

"இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"சார், நான் அப்பவே சொன்னேன். ஒருத்தரை உக்கார வைங்கன்னு..."

"சொன்னே. நான் இல்லங்கல. இப்ப அதைப் பேசி ஆகப்போறது என்ன? நாளைக்கு மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவாங்க. இது இப்படி இருந்தா என் தலையும் போகும், உன் தலையும் போகும். ஆலைக்குப் பூட்டு. சரி பண்ணி வை. பாக்கிய நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பீங்க?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். "பழக்கினவன் சரியாப் பழக்கலன்னு எழுதிக்கலாம். அவன் எப்படியும் கோடவுனுக்குப் போனவன்தானே."

பழக்கியவன் அவள் புருஷன் என்பது அவருக்கு மறந்துபோய்விடவில்லை. தெரிந்தேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வேறொருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். மகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். வரி வெட்டுப்பட்டதைச் சொன்னாள், மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். மச்சான் கேட்டதற்குத் தலையாட்டியதைக் கடைசியில் சொன்னாள்.

அவன் மேஜை விளிம்பைத் தடவினான்.

"சரி பண்ணிடு" என்றான்.

"என்னது?"

"சரி பண்ணிடு. என் மேல எழுதட்டும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? உங்க மேல கேஸ் வரும்."

"வந்தா வரட்டும். என் வேலை எப்படியும் போயாச்சு. உன் பேரும் கெட்டா நாம மூணு பேரும் எதைத் தின்கிறது? ஆளைக் கை முடமாக்கினவள்னு உன் பேரைச் சொன்னா, அப்புறம் எவன் உன் கடைப்படி ஏறுவான்? ஒருத்தராவது நிக்கணும்டி."

"நீங்க ஒழுங்காத்தானே சொல்லிக் குடுத்தீங்க."

"அது எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். போதும்."

"அவருக்கு என்ன தெரியும்? திரையில அப்படி எழுதியிருந்துச்சு, நான் ஆமான்னு தலையாட்டினேன். அதான் அவருக்குத் தெரியும்."

"இப்ப அழுது என்ன ஆகப்போவுது? போ, முகத்தைக் கழுவு. பால் பொங்குது பாரு."

மறுநாள் காலை அவள் போய்ச் சரி செய்தாள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஒரு வரியை இரண்டு வரியாக மடித்துவிட்டாள். கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று திரையைப் பார்த்தாள். மிஷினைத் துடைத்துக் கழுவி வைத்திருந்தார்கள். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மழைக்கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சிரிக்காமல் எல்லாவற்றையும் பார்த்தாள். கூடவே மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்திருந்தாள். மேனேஜர் எழுதி வைத்ததை வாசித்தார். பழக்கியவர் அபாயத்தை விளக்கவில்லை என்று அதில் இருந்தது. புருஷன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனைக் கேட்டபோது, "ஆமாங்க, என் தப்புதான்" என்று மட்டும் சொன்னான்.

"காயம்பட்டவரையும் கேக்கணும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "கார்ல இருக்கார். டாக்டர் கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்கார்."

மச்சானை இரண்டு பேர் தாங்கி அழைத்துவந்தார்கள். முகம் வற்றிப்போயிருந்தது. வலது கை முழங்கைவரை வெள்ளைத் துணிப் பொட்டலமாக நெஞ்சோடு கட்டியிருந்தது. புருஷனைப் பார்த்ததும் தலையை அசைத்தார். மூன்றாவது பிரஸ் முன்னால் வந்ததும் அவர் கால் பின்வாங்கியது.

"என்ன நடந்ததுன்னு கேளுங்க."

அவர் தணிந்த குரலில் சொன்னார். மொழி தெரிந்தவர் எடுத்துச் சொன்னார்: "தாள் சிக்கிச்சாம். அவசரப்படுத்தினாங்களாம். திரையில கை விடலாம்னு எழுதியிருந்துச்சாம். முன்னாடியும் அப்படிப் பாத்திருக்காராம். அதனால கை விட்டாராம்."

"திரையில அப்படியா எழுதியிருக்கு? வரவைங்க பாப்போம்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் ஒரு தாளைச் சிக்கவைத்து அந்த வரியைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

மச்சான் கிட்டே போனார். உதடு அசையப் படித்தார். முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்குப் போனார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். இடது கையைத் தூக்கி அந்தக் கடைசிச் சொல்லைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் காய்ந்ததா என்று பார்க்கிறவர்போல. பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மொழி தெரிந்தவர் தயங்கினார்.

"என்ன சொல்றார்?"

"சரியாத்தான் எழுதியிருக்காம். கூடாதுன்னுதான் இருக்காம். அவர் கண்ணுதான் தப்பாப் பாத்திருக்குபோலன்னு சொல்றார். அப்புறம்... பழக்கின ஆளு மேல தப்பு இல்லையாம். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாராம். தன்னால அவருக்குக் கஷ்டம் வேண்டாமாம்."

மேனேஜர் மூச்சை விட்டார். புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள்.

"அவர் கண்ணு தப்பாப் பாக்கல" என்றாள், திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவள்.

தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "ஏய்" என்றான் புருஷன், அதட்டலாக இல்லை, கெஞ்சலாக.

"என்னம்மா உளர்றே?" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு இந்தச் சொல் திரையில இல்ல. நேத்துக் காலையில நான்தான் வர வச்சேன். எப்படி இருந்துச்சுன்னு காட்டறேன், பாருங்க." செய்ததைக் கலைத்தாள். எழுத்து பெரிதானது. வரி ஒன்றானது. வால் அறுந்தது.

மொழி தெரிந்தவர் அதைப் படித்துப் பார்த்தார். "காத்து அடங்கல, உள்ள கை விட... அவ்வளவுதான் இருக்கு. இந்தப் பாஷையில கடைசிச் சொல் இல்லன்னா படிக்கிறவன் விடலாம்னுதான் எடுத்துப்பான்."

இன்ஸ்பெக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேச ஆரம்பித்தார், நிறையப் பேசினார். திரை முன்னால் நின்ற அவள் எதையும் கேட்கவில்லை. மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டது. அவர் கோபப்படவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப நான் காட்டிக் கேட்டப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்கன்னு கேக்குறார்."

"அவர் கேட்டது எனக்குப் புரியலைன்னு சொல்லுங்க" என்றாள். "எழுத்து நல்லா வந்திருக்குன்னு சொல்றார்னு நெனச்சேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதையும் சொல்லுங்க."

மொழி தெரிந்தவர் சொன்னார். அந்தப் பாஷையில் அது ரொம்பச் சின்னதாக முடிந்துவிட்டது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நிற்க முடியவில்லை என்று ஜாடை காட்டினார். அழைத்துப் போனார்கள்.

மூன்றாவது பிரஸ்ஸை இழுத்து மூடி சீல் வைத்தார்கள். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவளைக் கேட்டுக்குள் விட வேண்டாம் என்று உத்தரவு. வாட்ச்மேன் அதைச் சொல்லும்போது சிஸ்டம் அக்கா என்று கூப்பிடவில்லை, வெறுமனே "அம்மா" என்றார். புருஷன் மேல் கேஸ் இல்லை. ஆனால் கோடவுனில் ஆள் அதிகம் என்று அவனை நிறுத்திவிட்டார்கள். கடைத்தெருவில் பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்கு ஆள் வருவது குறைந்தது. மருந்துக்கடைக்காரர்கூடத் தன் கம்ப்யூட்டரை டவுனுக்கு அனுப்பினார். மச்சானுக்குச் செலவெல்லாம் ஆலை ஏற்றுக்கொண்டு ஊருக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது. நியாயம் என்று அதைத்தான் சொன்னார்கள்.

புருஷன் அவளோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டான். திட்டவும் இல்லை. ஒருநாள் மட்டும், "நான் எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேனே, அதைக்கூட விட்டுவைக்க மாட்டியா?" என்றான். அவள், "அந்த மனுஷன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாருங்க. ஒரு கை போனது போதாதா அவருக்கு?" என்றாள். அவன் எழுந்து வெளியே போனான்.

ஆனால் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். அவளைக் கூப்பிட்டதில்லை. மச்சான் கிளம்புவதற்கு முந்தின நாள், செருப்பை மாட்டிக்கொண்டே, "வர்றதுன்னா வா" என்றான்.

வார்டில் பினாயில் வாடை. ஜன்னலோரக் கட்டிலில் மச்சான் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. கட்டிலுக்கடியில் ஊருக்குப் போகிற பை தயாராக இருந்தது. அவள் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றாள்.

புருஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தான். மச்சான் வழக்கமாகச் செய்கிறவர்போலத் தன் இடது கையை அவன் மடியில் வைத்தார். நகங்கள் வளர்ந்திருந்தன.

"அந்தக் கை இல்லாம இந்தக் கை நகத்தை வெட்டிக்க முடியாதுல்ல" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "ரெண்டு வாரத்துக்கொரு தரம் யாராவது வெட்டிவிடணும். யோசிச்சே இருக்கமாட்டோம் இதையெல்லாம்."

அவள் கைப்பையில் தேடி ஒரு காகிதத்தை எடுத்து, கீழே உட்கார்ந்து, அவர் கைக்கு அடியில் விரித்துப் பிடித்தாள். நகம் துண்டு துண்டாக அதில் விழுந்தது. ஓரிடத்தில் கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட, மச்சான் கையைப் பின்னால் இழுத்தார். அவன் அந்தக் கையை மறுபடி எடுத்து மடியில் வைத்து, ஊதிவிட்டான்.

"அவ்வளவுதான் மச்சான். இன்னும் ரெண்டு விரல்தான் இருக்கு. அசையாம இரு."